பட்டாணிக் கணக்கு

2023 ஜூலையில் ஒரு மத்தியானம். மூன்றாம் ஹவர் முடிந்து ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன். அக்கா மகளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. அவள் பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நான்காக மடித்துப் பிரித்த ஒரு படிவம். மேலே ‘நான் மேஜர் எலக்டிவ்’ என்று இருந்தது. சுருக்கமாக என்எம்இ, சொந்தத் துறைக்கு வெளியே எடுக்க வேண்டிய தாள். கீழே நான்கு பெயர்கள்: தோட்டக்கலை, தொழில்முனைவு, இதழியல், அடிப்படைப் புள்ளியியல். போட்டோவுக்கு அடியில் அவள் கேள்வி.

“சித்தி, மூணு மணிக்குள்ள குடுக்கணுமாம். இதுல எதுல லேசா மார்க்கு வரும்?”

புள்ளியியல் என்று அடித்து அனுப்பினேன். பதிலுக்கு அழுகிற ஸ்மைலி ஒன்று வந்தது. பின்னாலேயே, “கணக்கு வேண்டாம்னுதான சித்தி நான் இங்க வந்தேன்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உயிரியல் துறைகளுக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் வருகிறார்கள். ப்ளஸ் ஒன்னில் ‘பயோ மேத்ஸ்’ என்று ஒரு குரூப், ‘ப்யூர் சயின்ஸ்’ என்று ஒரு குரூப். ப்யூர் சயின்ஸில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்கு கிடையாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று கணக்குக்குத் தலைமுழுகிவிட்டு, நீட் எழுதிப் பார்த்து, கிடைக்காமல், சரி விலங்கியலாவது படிப்போம் என்று வந்து சேர்கிறவர்கள். நானும் 2009இல் அந்த வரிசையில் வந்தவள்தான். என் காலத்தில் நீட் இல்லை. மற்றபடி கதை அதே கதை.

என் படிவத்தை எப்படி நிரப்பினேன் என்று நினைத்துப் பார்த்தேன். வரலாற்றுத் துறை நடத்திய சுற்றுலாத் தாளை எடுத்தேன். பக்கத்தில் இருந்தவள் அதை எடுத்தாள். அந்த வகுப்பு இருக்கிற நாளில் நாலு பத்து பஸ்ஸைப் பிடித்துவிடலாம். காரணம் இவ்வளவுதான். அந்தத் தாளில் இன்று எனக்கு ஞாபகமிருப்பது அந்த பஸ் மட்டும்.

கல்லூரியை விட்டு நாளானவர்களுக்காக அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டம் மூன்று வருஷம், ஆறு செமஸ்டர், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மொத்தம் 140 கிரெடிட். பார்ட் ஒன்று தமிழ், பார்ட் இரண்டு ஆங்கிலம், இரண்டும் பி.எஸ்ஸி.க்கு நாலாவது செமஸ்டரோடு முடிந்துவிடும். பார்ட் மூன்றுதான் நம் பாடம்: கோர் என்கிற முக்கியப் பாடம், அலைடு என்கிற துணைப்பாடம், எலக்டிவ் என்கிற விருப்பப்பாடம். பார்ட் நான்கில் என்எம்இ, திறன் மேம்பாட்டுத் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி, நான் முதல்வன் இத்யாதி. பார்ட் ஐந்து என்எஸ்எஸ், என்சிசி வகையறா. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். இதில் கோர் தாள்கள் முழுக்க அச்சடித்து வந்துவிடும். முதுகெலும்பற்றவை எப்போது, முதுகெலும்புள்ளவை எப்போது, மரபியல் எப்போது என்பதெல்லாம் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. மாணவருக்கு அதில் பேச்சே இல்லை.

அதனால் ‘கோர்ஸைத் திட்டமிடு’ என்று நம் ஊரில் ஒரு பிள்ளையிடம் சொன்னால் சிரிக்கும். டைம் டேபிள் போர்டில் ஒட்டியிருக்கிறது, அதில் திட்டமிட என்ன இருக்கிறது? வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் இருநூறு பாடங்கள் இருக்கிற பட்டியலை வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் வகுப்பெடுத்தபின் எனக்குத் தெரிவது, நம் பிள்ளைக்குக் கையில் கிடைக்கிற நாலைந்து சின்னத் தேர்வுகளும் உயிரியலுக்கு வெளியேதான் இருக்கின்றன. அலைடை எவ்வளவு அக்கறையாகப் படிப்பது, என்எம்இ எது, எலக்டிவ் எது, லீவில் என்ன, ப்ராஜெக்ட் யாரிடம். உயிரியல் பட்டத்தைத் திட்டமிடுவது என்றால் உயிரியல் அல்லாத தாள்களைத் திட்டமிடுவதுதான். அவற்றைத்தான் நாங்கள் பஸ் நேரம் பார்த்து எடுத்தோம்.

வேதியியலிலிருந்து தொடங்குகிறேன், என் மானம் போனது அங்கேதான்.

விலங்கியல் மாணவருக்கு வேதியியலும் தாவரவியலும் அலைடு. அலைடு கெமிஸ்ட்ரி என்றால் எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே கொள்கை: பாஸாகிவிட வேண்டும், அவ்வளவுதான். ப்ராக்டிகலில் டைட்ரேஷன். ப்யூரெட்டில் பர்மாங்கனேட்டை ஊற்றி, கோனிகல் ஃப்ளாஸ்க்கைக் கையில் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ரோஸ் நிறம் ஒரு சொட்டில் வந்து நிற்கும். வந்த அளவை எழுதி, ஃபார்முலாவில் போட்டு, எத்தனை கிராம் என்று சொல்ல வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்வோம். சீனியர் ரெக்கார்டில் விடை இருக்கும். விடையிலிருந்து பின்னோக்கி வந்து ப்யூரெட் ரீடிங்கை எழுதிக்கொள்வோம். ஃபார்முலா மனப்பாடம். மோலாரிட்டி என்றால் என்ன என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. 81 மார்க் வாங்கினேன்.

2012இல் டிகிரி முடித்த கையோடு ஓர் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட் வேலைக்கு நேர்முகம். எந்த ஊர், எந்த இடம் என்பது இருக்கட்டும். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்பார்கள் என்று நினைத்துப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த உப்புப் பாட்டிலைக் காட்டி, “இதுல 0.1 மோலார், ஐநூறு எம்எல் போட்டுக் குடுங்க” என்றார். தராசு, பீக்கர், அளவு ஜாடி எல்லாம் இருந்தன. வேறு ஒன்றும் தேவையில்லை. நான் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வியர்த்தது. லேபிளிலேயே 58.44 என்று மூலக்கூறு எடை அச்சாகியிருந்தது. ஒரு மோலார் என்றால் ஒரு லிட்டரில் 58.44 கிராம். பத்தில் ஒரு பங்கு மோலாருக்கு 5.844. அரை லிட்டருக்கு அதில் பாதி, 2.922 கிராம். அளந்து போட்டுக் கரைத்து ஐநூறு வரை தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். எட்டாம் வகுப்புக் கணக்கு. எனக்கு வரவில்லை. அவர் கோபப்படவும் இல்லை, “பரவால்லம்மா, போய்ட்டு வாங்க” என்றார். இன்றும் உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது சில நாள் அந்த அம்மாவின் குரல் கேட்கும்.

மேல்படிப்புக்கு எழுதுகிற கேட் தேர்வில் லைஃப் சயின்சஸ் தாளைப் பாருங்கள். நூறு மதிப்பெண்ணில் 15 பொதுத்திறன். 25 வேதியியல், அது கட்டாயம். மீதி 60க்குத்தான் விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உணவுத் தொழில்நுட்பம் என்ற ஐந்தில் நாம் விரும்பும் இரண்டு. விலங்கியல் படித்தவளுக்கு விலங்கியலில் கிடைப்பது 30, வேதியியலில் 25. ஏறக்குறைய சரிக்குச் சரி. எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் சேர நினைத்தாலும் பல இடங்களில் இளநிலையில் வேதியியல் அலைடாக இருந்ததா என்று பார்ப்பார்கள். பாஸானால் போதும் என்று நாங்கள் ஒதுக்கிவைத்த தாளுக்கு வெளியே இருந்த மரியாதை இது. யாரும் முதல் வருஷத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம்.

சரி, அக்கா மகள் கதைக்கு வருவோம். அவள் அரைமனதாகப் புள்ளியியல் என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். அந்தத் தாளுக்கு மொத்தம் ஆறே பேர் பெயர் கொடுத்திருந்தார்களாம். ஆறு பேருக்கு வகுப்பு நடத்த முடியாது. ஆறு பேரையும் தொழில்முனைவில் போட்டுவிட்டார்கள். போனில் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை அவள் மறைக்கவே இல்லை.

நானும் விட்டுவிட்டிருப்பேன். ஆனால் அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. அம்பாசமுத்திரத்துக்காரி. வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மலை தெரியும். அந்த மலைக்குள்தான் களக்காடு முண்டந்துறை, 1988இல் தமிழ்நாட்டில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம். சின்ன வயதிலிருந்தே “காட்டுல வேலை பாக்கணும் சித்தி” என்பாள். மயிலாடுதுறை பக்கத்து மன்னம்பந்தல் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்ஸி. இருக்கிறது, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது, பெங்களூரில் என்சிபிஎஸ் என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு முன்னால் அவள் தெரிந்துவைத்திருந்தாள். புலி, யானை, சிங்கவால் குரங்கு. கணக்கு மட்டும் வேண்டாம்.

அந்த வருஷம் தீபாவளி லீவில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். “காட்டுல புலி எத்தனை இருக்குன்னு எப்படிட்டி எண்ணுவாவ?”

“கேமரா வச்சு.”

“கேமரால எல்லாப் புலியும் விழுமா?”

“விழாது.”

“பின்ன விழாத புலிய எப்படி எண்ணுவ?”

பேச்சு நின்றது. குளத்து மீனை வைத்துச் சொன்னேன். ஐம்பது மீன் பிடித்து அடையாளம் போட்டுத் திரும்ப விடுகிறோம். பிறகு ஒரு நாள் நாற்பது மீன் பிடிக்கிறோம், அதில் பத்தில் நம் அடையாளம் இருக்கிறது. அதாவது பிடிபட்டதில் நாலில் ஒன்று நம் மீன். அப்படியானால் குளம் முழுவதிலும் நாலில் ஒன்றுதான் நம்முடையதாக இருக்கும். நம்முடையது ஐம்பது என்றால் குளத்தில் இருநூறு. புலிக்கு அடையாளம் போடும் வேலைகூட இல்லை. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு மாதிரி, படத்தில் பார்த்தாலே எது எது என்று பிரித்துவிடலாம். இந்த யோசனையை எடுத்துக்கொண்டுபோய் 1990களில் நாகர்ஹொளெயில் கேமராப் பொறி வைத்தவர் உல்லாஸ் காரந்த். ஆனால் அரசாங்கக் கணக்கெடுப்பு அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்குமேல் கால்தடத்தை நம்பியே ஓடியது. 2005 வாக்கில் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரிந்து நாடே திடுக்கிட்ட பிறகுதான் முறை மாறியது. புது முறையில் எண்ணிய 2006 கணக்கெடுப்பில் வந்த எண்ணிக்கை 1,411. அதற்கு முன்னால் காகிதத்தில் இருந்ததைவிட எவ்வளவோ குறைவு. இல்லாத புலிகளை வருஷக்கணக்காக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

“அப்ப காட்டுக்குப் போனாலும் கணக்குதானா?” என்றாள். முகத்தில் துரோகம் செய்யப்பட்ட பாவனை.

மறுநாள் காலை சுண்டலுக்காக வாங்கி வைத்திருந்த காய்ந்த பட்டாணியை எடுத்து மேஜையில் கொட்டினேன். மஞ்சளும் பச்சையும். மரபியல் தாள் அவளுக்கு வர இன்னும் நாளிருந்தது, ஆனால் பட்டாணிச் செடி வளர்த்து மரபு விதிகளைக் கண்ட மெண்டலைப் பள்ளியிலேயே படித்திருக்கிறாள். விதையின் வடிவத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் நாலு வகையும் 9:3:3:1 விகிதத்தில் வரும் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். “மெண்டல் நெஜமா எண்ணினது எத்தனைன்னு தெரியுமா?” தெரியவில்லை. 556 விதை. உருண்டை மஞ்சள் 315, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. கேஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்.

“இது ஒம்பது மூணு மூணு ஒண்ணா?”

“கிட்டத்தட்ட.”

“கிட்டத்தட்டன்னா எவ்வளவு கிட்ட? ஒரு நாலு பட்டாணி தள்ளி இருந்தா ஒத்துக்கலாமா? நாப்பது தள்ளி இருந்தா?”

பேனாவை அவள் கையில் கொடுத்தேன். 556ஐப் பதினாறால் வகுக்கச் சொன்னேன். 34.75. ஒன்பது மடங்கு 312.75. மூன்று மடங்கு 104.25. அவள் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “அது எப்படி சித்தி முக்காப் பட்டாணி?” நல்ல கேள்வி. எம்.எஸ்ஸி. வகுப்பில்கூட என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எதிர்பார்ப்பு என்பது எண்ணிப் பார்த்தது கிடையாது, எண்ணாமலே கணக்கிட்டது. அதனால் அதற்கு முக்கால் இருக்கலாம் என்று சமாளித்தேன். பிறகு ஒவ்வொன்றிலும் எண்ணியதற்கும் எதிர்பார்த்ததற்கும் வித்தியாசம்: 2.25, 3.75, 3.25, 2.75. வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்து, நாலையும் கூட்டினாள். செல்போன் கால்குலேட்டரில் இரண்டு முறை தப்பு வந்தது. மூன்றாம் முறை 0.47.

“இது நல்லதா கெட்டதா?”

நாலு வகை என்றால் ஒன்று குறைத்து மூன்று, இதைச் சுதந்திரப் படி என்பார்கள். புள்ளியியல் புத்தகத்து அட்டவணையில் மூன்றுக்கு நேரே 7.815. நமக்கு வந்த எண் அதற்குக் கீழே இருந்தால், இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியதுதான் என்று விகிதத்தை ஒத்துக்கொள்ளலாம். 0.47 எங்கே, 7.815 எங்கே! கை ஸ்கொயர் டெஸ்ட் என்று இதற்குப் பெயர். கை என்றதும் தன் கையைப் பார்த்தாள். அது கிரேக்க எழுத்தின் பெயர் என்று சொல்ல வேண்டியிருந்தது. மெண்டலின் எண்கள் ரொம்பப் பொருந்திப்போகின்றன, நம்ப முடியாத அளவுக்குப் பொருந்துகின்றன என்று 1936இல் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் கிளப்பிவிட்டுப் போனதையும் சொன்னேன். “அப்ப மெண்டலும் சீனியர் ரெக்கார்டப் பாத்து எழுதினாரா?” என்றாள். என் டைட்ரேஷன் கதை அவளுக்குத் தெரியும்.

மெண்டலின் படிப்புக் கதையே இந்தக் கட்டுரைக்குத் தோதானதுதான். அவர் 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தோற்றார். நம் ஊர் டெட் மாதிரி. அதன்பிறகு மடத்திலிருந்து அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். 1851 முதல் 1853 வரை அங்கே இயற்பியல், கணக்கு, தாவரவியல் எல்லாம் படித்தார். இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் டாப்ளர், நாம் ஸ்கேன் சென்டரில் பெயரைக் கேட்கிற அதே டாப்ளர். திரும்பிவந்து 1856இல் பட்டாணி நடத் தொடங்கினார். செடி வளர்த்தவர்கள் அவருக்கு முன்னாலும் எத்தனையோ பேர். விதையை வகை பிரித்து எண்ணி, எண்களுக்குள் விகிதம் இருக்கிறதா என்று தேடியவர் இவர். 1866இல் அச்சான அந்தக் கட்டுரை 1900 வரை யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது பெரிய நியாயவாதி மாதிரி இருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் செமஸ்டரில் எலக்டிவ் வரும். தமிழில் விருப்பப்பாடம். சிலபஸில் இரண்டு மூன்று பெயர் அச்சாகியிருக்கும். மாணவர் விரும்பியதை எடுக்கலாம் என்பது காகிதத்தில். நடப்பது என்ன என்றால், ஏப்ரல் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ துறைக் கூட்டம் நடக்கும். டீ வரும். துறைத் தலைவர் சிலபஸைப் புரட்டி, “எலக்டிவ் எது வைக்கலாம்?” என்பார். எல்லாரும் ஃபேனைப் பார்ப்போம். நான் வேலை பார்க்கும் இடத்தில் போன வருஷம் இருந்த இரண்டு தேர்வுகள், உயிரிப் புள்ளியியல், கோழி வளர்ப்பு. நான்தான் வாயைத் திறந்தேன். “கோழி வளர்ப்பே வச்சுக்கலாம் சார்.”

ஏன் சொன்னேன்? கோழி வளர்ப்புக்கு என்னிடம் நோட்ஸ் ரெடியாக இருந்தது. கேள்வி எப்படி வரும் என்று தெரியும். வாரத்துக்கு ஐந்து ஹவர், போர்டில் ஏறி ஒரு கணக்குப் போடும்போது இடையில் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. கௌரவ விரிவுரையாளராக இருக்கிறவளுக்கு ரிசல்ட் சதவீதம் ரொம்ப முக்கியம். கணக்குத் தாளில் இருபது பேர் அரியர் வைத்தால் அடுத்த வருஷம் என் பெயர்தான் பேச்சில் வரும். அக்கா மகளுக்குச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொடுத்ததை, நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. யாருடைய விருப்பப்பாடம் என்று கேட்டால், என்னுடையது.

கோழி வளர்ப்பைக் கேவலமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தாளைப் படித்துவிட்டுப் போன ஒரு பையன் இப்போது நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான், என்னைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறான். அதே மாதிரி மண்புழு உரம், தேனீ, வண்ணமீன், பட்டுப்புழு எல்லாமே கையில் தொழிலாக நிற்கக்கூடிய தாள்கள், கையால் சொல்லிக்கொடுத்தால். பரீட்சைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் அதுவும் சுற்றுலாத் தாள்தான்.

வகுப்பில் கிடைக்காததை வெளியே எடுக்க இப்போது வழி இருக்கிறது. அந்த வகையில் என் காலத்தைவிட இது நல்ல காலம். என்பிடெல், ஸ்வயம் என்கிற மத்திய அரசின் இணையவழிப் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். நாலு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று இருக்கும். பார்ப்பதற்குக் காசில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். என்பிடெலில் வாராவாரம் அசைன்மென்டுக்கு 25, பரீட்சைக்கு 75. ஒரு பட்டத்தில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகக் கிரெடிட் எடுக்கலாம் என்று 2021இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி விதியே போட்டிருக்கிறது. ஆனால் தன் கல்லூரி அதை ஏற்று மார்க் ஷீட்டில் காட்டுகிறதா என்று ஆபீஸில் கேட்டுவிட்டுச் சேருவது நல்லது. இரண்டாம் வருஷம் என் அக்கா மகள் உயிரிப் புள்ளியியலில் ஒரு எட்டு வாரப் பாடம் சேர்ந்தாள். மூன்று வாரம் அசைன்மென்ட் விட்டாள், திட்டினேன், பிடித்துக்கொண்டாள். பாஸ்.

பட்டத்தின் பெயரைப் பற்றியும் ஒன்று. இது சேருவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டியது, ஆனால் சேர்ந்தபின்தான் எல்லாரும் கேட்கிறார்கள். விலங்கியல் என்று வெறுமனே இருந்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று கல்லூரிகள் பெயரை நீட்டுகின்றன. பயோடெக்னாலஜி ஒட்டிய பெயர்கள், அட்வான்ஸ்டு என்று தொடங்கும் பெயர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு அறிவிப்பு வரும்போது அதில் தாவரவியல், விலங்கியல் என்று இருக்கும். நம் பட்டம் அதற்கு இணை என்று அரசாணை இருந்தால்தான் சான்றிதழ் சரிபார்ப்பில் தாண்ட முடியும். என்னோடு எம்.எஸ்ஸி. படித்த ஒருத்தி மார்க் எல்லாம் எடுத்துவிட்டு, ஈக்குவலன்ஸ் ஜிஓ நகலைத் தேடி ஒரு வாரம் அலைந்தாள். கிடைத்தது. கிடைக்காதவர்களும் உண்டு. இதில் என் யோசனை ரொம்பப் பழமையானது: வாத்தியார் வேலை மனதில் இருந்தால் பட்டத்தின் பெயர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

ப்ராக்டிகல் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. எங்களுக்குக் கரப்பானின் வாய் உறுப்புகளைப் பிரித்து ஸ்லைடில் மவுண்ட் செய்வது ஒரு பெரிய பரீட்சை. ஊசி முனையில் அந்த உறுப்பு தொலைந்துபோனால் அழுகை வரும். 2014இல் யுஜிசி விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னபிறகு இப்போது சார்ட்டும் கம்ப்யூட்டர் திரையும்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. அறுத்துக் கழித்த தவளைகளின் கணக்கு யாரிடமும் இல்லை. ஆனால் அந்த நேரம் மிச்சமானதே, அதை எதற்குக் கொடுத்தோம்? களத்துக்குக் கொடுத்திருக்கலாம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். ஒரு நோட்டும் பைனாகுலரும் எடுத்துக்கொண்டு போய் மூன்று மாதம் வாராவாரம் ஒரே கரையில் ஒரே நேரத்தில் எண்ணினால், ஆறாம் செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அது போதும். ஐந்து பேர் சேர்ந்து கடையில் கொடுத்து பைண்டிங் போடுகிற ப்ராஜெக்டைவிட மேல். எண்ணியபின் என்ன செய்வது என்றுதான் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அங்கே மறுபடி கேஸ் பில்லின் பின்பக்கம் தேவைப்படும்.

போன வாரம் அக்கா மகள் கூப்பிட்டாள். நாலாம் செமஸ்டர் முடிந்துவிட்டது, ஐந்தாவது தொடங்கப்போகிறது. அவள் கல்லூரியிலும் எலக்டிவ் இரண்டு. ஒன்று உயிரிப் புள்ளியியலும் கணினிப் பயன்பாடும், இன்னொன்று வண்ணமீன் வளர்ப்பு. மூன்று வருஷமாக மீன்தான் ஓடுகிறதாம்.

“நாங்க புள்ளியியல்தான் வேணும்னு எழுதிக் குடுக்கப் போறோம் சித்தி. நான் இதுவரை பன்னெண்டு பேரு கையெழுத்து வாங்கிட்டேன்.”

பன்னிரண்டு பேரை எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று கேட்டேன். பட்டாணியை வைத்துத்தானாம். ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து ஒரு டம்ளர் பட்டாணி எடுத்துக்கொண்டு வந்தார்களாம், வார்டன் திட்டினாராம்.

“பன்னெண்டு பேரு போதுமா சித்தி?”

துறைக் கூட்டத்து டீயும் ஃபேனும் ஞாபகம் வந்தன. பன்னிரண்டு கையெழுத்துள்ள ஒரு தாளைத் துறைத் தலைவர் எப்படி மடித்துப் பையில் வைப்பார் என்று எனக்குத் தெரியும்.

“போதாது. இருவத்தஞ்சு கொண்டா. அப்புறம் அந்தத் தாள யாரு எடுக்கணும்னு மொதல்ல ஒரு மிஸ்ஸப் போய்ப் பாரு. அவங்க பயந்தாங்கன்னா என் நம்பரக் குடு.”

“நீங்க எடுத்திருக்கீங்களா சித்தி?”

“இந்த வருஷம் எடுக்கேன்” என்றேன். எங்கள் துறைக் கூட்டம் வருகிற வியாழக்கிழமை.